காதுகுத்து மொய்யில் கட்டிய கேலரி

எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கீழே, பந்து மைதானத்தின் மேற்குப் பக்கம், எட்டுப் படி உயரத்தில் ஒரு செங்கல் கேலரி இருந்தது. இப்போது மூன்று படிதான் மிச்சம். அதில் எருவாட்டி காயப்போடுகிறார்கள். பத்திர ஆபீசுக்குப் போக எனக்கு அதுதான் குறுக்கு வழி. இருந்தும் பல வருஷமாகப் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். ஏன் என்று கேட்பவர்களிடம் அந்தப் பக்கம் நாய்த்தொல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அங்கே நாய் எதுவும் கிடையாது. அந்தக் கேலரியைப் பார்க்க எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். என் கையெழுத்து அச்சடித்தமாதிரி இருக்கும் என்று நாலு பேர் சொல்லப்போக, சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டு விசேஷமானாலும் மொய் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். பந்தலின் வாசலில் மேசை போட்டு, பக்கத்தில் பணம் போட ஒரு பித்தளைச் சருவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்றால் சாப்பாடுகூட அங்கேதான் வரும். ஊர், தகப்பன் பெயர், சொந்தப் பெயர், தொகை. மொய்யைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் அது அன்பளிப்பு கிடையாது. இன்று என் வீட்டில் நீங்கள் ஐந்து ரூபாய் வைத்தால், நாளை உங்கள் வீட்டில் நான் அந்த ஐந்தோடு மேலே ஒன்றோ இரண்டோ சேர்த்து வைக்க வேண்டும். வைத்த பிறகு என் வீட்டு நோட்டில் உங்கள் வரியை அடித்துவிடலாம். அடிபடாத வரி ஒன்று நோட்டில் இருந்தால் அந்த வீட்டுக்காரனுக்குச் சோறு இறங்காது. இதெல்லாம் தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்த சமயம். கடைகளில் அணாவையும் நயா பைசாவையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் ரைஸ்மில் முதலாளிக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஏழு ஆட்டக்காரர்களை மாசச் சம்பளத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். மில்லுக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரு கொட்டகை, மூன்று வேளைச் சாப்பாடு, ஆளுக்கு இரண்டு ஜோடி பூட்ஸ். பூட்ஸ் போட்டுப் பந்தை உதைப்பவனை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. கோல்கீப்பர் ஒருவர் ஒரே பந்தியில் பத்தொன்பது இட்லி சாப்பிட்டதை ஊரே பேசியது. முதலாளி தலைவர், நான் செக்ரட்டரி. மற்றவன் சொத்தை எழுதியே காலம் தள்ளியவனுக்குச் சட்டையில் ஒரு வெள்ளிப் பேட்ஜ் கிடைத்ததும் தலை கால் புரியவில்லை. மேட்ச் நாளில் அவர் காரின் முன்சீட்டில் என்னை ஏற்றிக்கொள்வார். அந்த முன்சீட்டுக்காக நான் எதை வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தும்விட்டேன்.

ஒரு நாள் முதலாளி என்னை மில்லுக்குக் கூப்பிட்டனுப்பினார். தவிட்டு வாசனையில் நின்றுகொண்டே சொன்னார்.

"ரைட்டரே, ஆளுங்களுக்குச் சம்பளம் நான் குடுத்துக்கிறேன். ஆனா உக்காந்து பாக்குறதுக்கு ஒரு கேலரி வேணும். வெளியூர் டீமுக்காரன் வந்தா மண்ணுலயா ஒக்கார வைக்கிறது? டவுன்ல ஒருத்தரு எடமே தாரேங்குறாரு. காரைக்குடியில இருந்தும் ஆள் வந்துட்டுப் போயிருச்சு. ஊரு கேலரி கட்டிக் குடுத்தா டீமு இங்கன இருக்கும். இல்லாட்டி நான் அங்கிட்டுக் கொண்டுபோயிருவேன். அப்பறம் யாரும் என்னையக் கொறை சொல்லக் கூடாது."

டீம் போய்விட்டால் பேட்ஜ் போய்விடும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஊரைப் பற்றி நான் நினைக்கவில்லை.

ரசீதுப் புத்தகம் அடித்து வீடு வீடாக ஏறினேன். நாலணா கொடுத்தார்கள். ஒரு வீட்டில் சுரைக்காய் கொடுத்தார்கள். கடைவீதியில் எண்ணெய்க் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஏவாரம் மந்தம், பொங்கல் கழிச்சுப் பாப்போம்" என்றார். அதே ஆள் அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் என் மேசைக்கு வந்து, மடியை அவிழ்த்து, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் பதினைந்து ரூபாய் மொய் வைத்தார். நான் பேனாவைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்கொடை என்றால் போன காசு. மொய் என்றால் திரும்பி வருகிற காசு. இவர்களிடம் பணம் இல்லாமல் இல்லை, நான் கேட்கிற பெயர்தான் தப்பு என்று புரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மைதானத்துக்குக் கல்யாணம் நடத்த முடியாது. ஆனால் என் அக்காவின் மகளுக்கு ஏழு வயதாகியும் காது குத்தவில்லை.

அக்காவைக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. மச்சானுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பு, மிச்சம் வானம் பார்த்த செம்மண். அதிகம் பேச மாட்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவருக்கு இருந்த ஒரே ஆசை ஒரு கிணறு. வீட்டுக்குத் தெற்கே நாலு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி வைத்திருந்தார். காதுகுத்தில் வரும் மொய்யில் கிணறு வெட்டிவிட வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து மற்றவர்கள் வீட்டில் மொய் வைத்து வந்திருந்தார். அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கு அரை மைல் நடந்துகொண்டிருந்தாள்.

"இந்த மாசமே வச்சிருவோம் மச்சான். தாய்மாமன் நான் இருக்கேன். பத்திரிகை, பந்தல், மைக் செட்டு எல்லாம் எம்பொறுப்பு" என்றேன். அவருக்குச் சந்தோஷம். அக்காவுக்கு அதைவிட.

பத்திரிகையை மச்சான் பெயரில் அடித்தேன். அவருடைய சொந்தக்காரர்களுக்கு எண்பது போதும். நான் முந்நூறு அடித்தேன். நான் யார் யார் வீட்டில் மொய் எழுதினேனோ, யார் யாருக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்தேனோ, எல்லோருக்கும் போய் வைத்தேன். கோட்டைப்பட்டினத்தில் ஒரு கருவாட்டு வியாபாரிக்கு வீட்டுப் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தேன். பஸ் ஏறிப் போய் அவருக்கும் வைத்தேன். மச்சான் அவர்கள் யாரையும் கண்ணால்கூடக் கண்டதில்லை.

விசேஷத்தன்று வழக்கம்போல நோட்டின் முதல் வரி தாய்மாமன் மொய். அதை மைக்கில் சத்தமாகச் சொல்வார்கள். முதல் தொகை எந்த உயரத்தில் நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர்கள் மடியை அவிழ்ப்பார்கள். நான் என் பெயரை எழுதி, எதிரே நூற்றொரு ரூபாய் என்று எழுதினேன். மைக் செட்டுக்காரர் அதை இரண்டு முறை சொன்னார். பந்தலே திரும்பிப் பார்த்தது. பந்தி பரிமாறிக்கொண்டிருந்த அக்கா கரண்டியோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சருவத்தில் நான் ஒரு காசுகூடப் போடவில்லை. என் பையில் பதினோரு ரூபாய்தான் இருந்தது. மிச்சமெல்லாம் சீர்த்தட்டுக்கும் மைக் செட்டுக்கும் போய்விட்டது. நாளைக்கு வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நாளை எப்போதும் நாளைதான் என்று என் மேசைக்கு வருகிற எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அந்த நூற்றொன்று நன்றாக வேலை செய்தது. இரண்டு ரூபாய் எடுத்துவந்தவர்கள் ஐந்தாக்கினார்கள். கருவாட்டு வியாபாரி இருபத்தைந்து வைத்தார். பிள்ளை என் மடியில் உட்கார்ந்து காது குத்தும்போது வீறிட்டு அழுதாள். நான் அவள் தலைக்கு மேலே சருவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் முதலாளியின் கார் வந்து வாசலில் நின்றது. நான்தான் வரச்சொல்லியிருந்தேன். கட்டிலில் அவரை உட்காரவைத்துவிட்டு, அவர் முன்னாலேயே மச்சானிடம் பேச்சை எடுத்தேன். தனியாகக் கேட்டிருந்தால் மறுத்திருப்பார். அது தெரிந்துதான் அப்படிக் கேட்டேன்.

"மச்சான், கேலரி எழும்புனா டிக்கெட்டு வசூல் கொட்டும். ரெண்டே டோர்னமெண்டு. மொத்தத்தையும் எடுத்து ஒங்க கையில குடுத்திர்றேன். கெணத்தை அடுத்த கோடையில வெட்டிக்கலாம்."

மச்சான் முளைக்குச்சி அடித்த பக்கம் ஒருமுறை பார்த்தார். அக்கா நிலைப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கார் வைத்திருக்கும் மனிதர் அவள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டான்!

"ஒரு வருசந்தானே மாப்ள?" என்றார் மச்சான். உள்ளே போனார். பணத்தை எண்ணும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு துண்டில் முடிந்துகொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "எண்ணிட்டேன்" என்றார். அவர் நோட்டைக் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார் என்று என் மனம் சமாதானமாகிவிட்டது. நோட்டு மட்டும் அவர் பெட்டியில் இருந்தது.

ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதும் நான் முதலாளியிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கவில்லை. அந்தத் துண்டு முடிச்சோடு அவர் காரின் முன்சீட்டில் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன்.

கேலரி இரண்டே மாதத்தில் எழும்பியது. சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் தகரக் கூரை, மைதானத்தைச் சுற்றிக் கீற்றுத் தட்டி. திறப்பு விழாவுக்கு ஒரு சலவைக்கல் பதித்தார்கள். அதில் முதலாளி பெயர் இருந்தது, செக்ரட்டரி என்று என் பெயர் இருந்தது. மச்சான் பெயர் இல்லை. கல்லில் எழுத வேண்டியதை எழுதிக்கொடுத்தவன் நான்தான்.

முதல் டோர்னமெண்டன்று வாசலில் டிக்கெட்டுக் கட்டோடு உட்கார்ந்தேன். முதலில் வந்த பெரியவர் நேராக உள்ளே நடந்தார். டிக்கெட் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒங்க அக்கா வீட்டு விசேசத்துல ஏழு ரூவா எழுதுனேனே, அந்தக் காசுலதானே கேலரி கட்டுனீங்க? ஊருக்கே தெரியும். எனக்கு எதுக்குய்யா சீட்டு?"

"அது மொய்ங்க. அது திரும்பி வரும்."

"வரட்டும். வராம எங்க போகுது? இப்ப வழிய விடுங்க."

அவர் பின்னாலேயே நாற்பது பேர் அதே நியாயத்தைச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார்கள். மொய் வைக்காதவர்களாவது வாங்குவார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் எல்லோரும் கண்மாய்க்கரையில் இருந்தார்கள். கரை தட்டியைவிட உயரம். ஆலமர நிழல், காற்று, கடலை விற்கிறவன் எல்லாம் அங்கே. பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் குளித்து வளர்ந்த எனக்கு, அதில் உட்கார்ந்தால் மைதானம் முழுசும் தெரியும் என்பது செங்கல் வாங்கும்போது தோன்றவில்லை. கேலரியில் முதலாளியின் விருந்தாளிகள் முப்பது பேர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய வசூல் பேண்டு வாத்தியத்துக்குச் சரியாக இருந்தது.

அடுத்த வருஷம் கரைமேலும் தட்டி கட்டினோம். ஒரே வாரத்தில் அதைப் பிய்த்து அடுப்பெரித்துவிட்டார்கள். அதற்கடுத்த வருஷம் முதலாளி டீமைக் காரைக்குடிக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே சிமெண்டு கேலரியாம். லாரி வந்து பூட்ஸ், பந்து, வலை எல்லாவற்றையும் ஏற்றியது. கடைசியில் கோல் போஸ்டையும் பிடுங்கினார்கள், அது அவர் காசில் வாங்கியதாம். நான் போய் மொய்ப் பணத்தைப் பற்றிக் கேட்டேன்.

"கேலரிய நானா தூக்கிட்டுப் போறேன் ரைட்டரே? ஒங்க ஊருலதானே இருக்கு?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பேட்ஜைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கு வந்துதான் கழற்றினேன்.

மச்சானிடம் போய், "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க" என்றேன். அவர் சரி என்றார். அந்தச் சரிக்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கிணற்றை அவரே கடப்பாரையைப் பிடித்துத் தோண்டத் தொடங்கினார். இரண்டு ஆள் ஆழத்தில் பாறை வந்துவிட்டது. வெடிவைக்கக் காசு இல்லை. மழைக்காலத்தில் அதில் தவளை கத்தும்.

ஆனால் பத்திரிகைகள் மட்டும் தவறாமல் வந்தன. முந்நூறு வீட்டில் மாதத்துக்கு ஒரு வீட்டிலாவது விசேஷம் இல்லாமல் இருக்குமா? நான் சேர்த்துவிட்ட முகம் தெரியாத மனிதர்கள் எல்லோரும் மஞ்சள் தடவிய பத்திரிகையை மச்சானுக்கு அனுப்பினார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் போனார். வைத்த தொகையோடு மேலே சேர்த்து வைத்தார். தோப்பில் பாதியை விற்றார். அக்கா இதையெல்லாம் குறையாகச் சொல்ல மாட்டாள். "ஒங்க மச்சானுக்கு எம்புட்டு ஊருல பழக்கம் பாரு" என்பாள்.

நடுவில் எனக்கும் கல்யாணம் நடந்தது. மொய் மேசையில் வேறொருவரை உட்காரவைத்திருந்தேன். மச்சான் வந்தார். மடியிலிருந்து எடுத்து நூற்றொன்றும், மேலே ஒரு இருபத்தைந்தும் எண்ணிவைத்தார். மணவறையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். நான் வைக்காத மொய்யை அவர் எனக்குத் திருப்பி வைக்கிறார். எழுந்துபோய் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். மாலை கழுத்தில் இருந்தது, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார் என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நூற்றிருபத்தாறு ரூபாயில் ஒரு சைக்கிள் வாங்கினேன். அதில்தான் பெரிய ரோட்டைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு தடவை எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் மச்சானைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, மடித்த துண்டு, கையில் முந்திரிப்பருப்புப் பை.

"எங்கிட்டு மச்சான் கெளம்பிட்டீங்க?"

"கோட்டைப்பட்டினம். அந்தக் கருவாட்டு ஏவாரி மகளுக்கு நிக்காஹ். பத்திரிகை வந்துச்சு. எந்தப் பஸ்ல ஏறணும் மாப்ள? நான் அங்கிட்டெல்லாம் போனதில்ல."

"போகாட்டிதான் என்ன மச்சான், அவரு நம்ம சாதிசனமா, சொந்தமா? நான் வேணா ஒரு கடுதாசி போட்டுர்றேன்."

"மொய்யி எம்பேருல எழுதியிருக்கு" என்றார்.

என் பையில் அன்று ஒரு கிரயப் பத்திரத்துக்கு வாங்கிய கூலி இருந்தது. கூடப் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் வேலை இருக்கிறது என்று வாய் வந்தது. பஸ்ஸைக் காட்டினேன். ஒரு காபி வாங்கிக்கொடுத்தேன். காபிக்கும் அவர்தான் முந்திக்கொண்டு காசு கொடுத்தார்.

அன்று காது குத்திய அந்தப் பிள்ளைக்குப் போன தையில் கல்யாணம். இந்தத் தடவையாவது சரி செய்துவிட வேண்டும் என்று சைக்கிளை விற்று, மேலும் கொஞ்சம் புரட்டி, ஒரு கவரில் போட்டுக்கொண்டு விடியற்காலையிலேயே போய்விட்டேன். பேனாவையும் மறக்கவில்லை. பந்தல் வாசலில் மொய் மேசையைக் காணோம். மச்சான் அடுப்படிப் பக்கம் விறகு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேசை போடலையா மச்சான்?"

"இல்ல மாப்ள. வாங்குனதெல்லாம் போன மாசந்தான் திருப்பி முடிஞ்சுச்சு. மறுபடி வாங்க வேணாம்னு இருக்கேன்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். என் கையெழுத்து, அச்சடித்தமாதிரி, பக்கம் பக்கமாக. எல்லா வரியும் அடித்திருந்தது. முதல் வரியையும் அடித்து, பக்கத்தில் கோணலான எழுத்தில் என் கல்யாணத் தேதியைப் போட்டிருந்தார்.

"மச்சான், அந்த மொத வரி..." என்றேன்.

"தெரியும் மாப்ள. அன்னைக்கு எண்ணுனப்பவே நூத்தியொன்னு கொறஞ்சுச்சு. மூணு தடவை எண்ணிப் பாத்தேன்."

"பெறகு ஏன் எனக்குத் திருப்பி வச்சீங்க?"

அவர் அடுப்படியில் நின்ற அக்காவை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒங்கக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா மொத வரி தம்பி வரின்னு தெரியும். அது மட்டும் அடிபடாம இருந்துச்சுன்னா ஏன்னு கேப்பா. நான் என்னான்னு சொல்றது?"

கவரை அவர் கையில் திணித்தேன். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என் சட்டைப்பையில் வைத்துவிட்டு விறகுக்குப் போய்விட்டார். அதற்குள் அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். "தம்பி வந்துட்டியா! ஒன்னையத்தான் தேடிக்கிட்டிருக்காங்க. தாய்மாமன் இல்லாம பொண்ண எப்புடி மணவறைக்குக் கூட்டிப்போறது?" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் கையில் ஊருணிக் குடம் தூக்கித் தூக்கிக் காய்ப்பு ஏறியிருந்தது.

அக்காவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. இதை எழுதும்போது அவள் படித்துவிடுவாளோ என்று ஒரு கணம் பயந்தேன். பிறகு, அவளுக்கு எழுத்துத் தெரியாதே என்று நினைவு வந்து நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் இப்போது எல்லாவற்றையும்விட அதிகமாக வெட்கப்படுகிறேன்.